பதினேழு கெட்டில் காப்பி

அன்பு மகன் தராலுக்கு, நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம், தலைக்கு மேல் கூரையும் இருக்கிறது, அமெரிக்காவில் நீ இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். என் வலது கை வெந்து கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை குன்வோர் எழுதுகிறாள். ஒரு சொல் கூட்டினாலும் காதைத் திருகுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன் (எந்தக் கையால் என்று நான், குன்வோர், கேட்டேன்).

நீ அங்கே ஊர்த் தீயணைப்புக் குழுவில் சேர்ந்துவிட்டதாக எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே நடந்ததைக் கேள். போன இலையுதிர் காலத்தில் நம் ஊரிலும் இருபது பேர் கூடிக் குழு தொடங்கி, கைப்பம்பு வண்டி ஒன்று வாங்கி, உன் அப்பாவைத் தலைவராக்கினார்கள். பித்தளைத் தலைக்கவசத்தோடுதான் சாப்பிட உட்கார்ந்தார் (தட்டில் இருந்த மீன் அதில் முகம் பார்த்துக்கொண்டது). தீ என்றால் ஒரு நொடியும் வீணாகக் கூடாதென்று பம்புத் தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னவரும் அவர்தான். ஜனவரி வரும் என்பதை இருபது பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து ரொட்டிக்கடை தூமினாவின் வீடு பற்றிக்கொண்டது. கிழக்குக் காற்று, எல்லாம் மர வீடுகள், அடுத்தது நம்முடையது. அப்பா நனைத்த படகுப்பாயை நம் கூரைமேல் விரித்து அதன்மேல் நின்றுகொண்டு தண்ணீர் எங்கே என்று கத்துகிறார், கீழே எட்டுப் பேர் பம்பின் கைப்பிடியில் தொங்கியும் அது அசையவில்லை, உள்ளே தண்ணீர் உறைந்து பாறையாகிக் கிடந்தது. அவர் காலடியில் பாயின் ஓரம் புகைவதைப் பார்த்தேன், தரால். அடுப்பிலிருந்த காப்பிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்ப் பம்புக்குள் ஊற்றினேன், பாதி என் கையில். அதைப் பார்த்துத் தெருப் பெண்கள் எல்லாரும் கெட்டிலும் கையுமாக ஓடி வந்தார்கள். தன் வீடு எரிகையிலும் தூமினா, "ஊத்துங்கடி, அதுக்குச் சர்க்கரை வேணாம்" என்றாள். பதினேழாவது கெட்டிலில் கைப்பிடி இறங்கியது, கடல் தண்ணீரை வாளி வாளியாகத் தொட்டியில் கொட்டினார்கள், முதலில் பழுப்பாகத்தான் பீய்ச்சியது. தூமினாவின் வீடு போயிற்று, நம்முடையது நின்றது, அப்பாவின் புருவம் இரண்டும் இல்லை.

ஞாயிறு கூட்டத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்து, "தப்பு என்னோடது, வேற ஆளைப் பாருங்க" என்றாராம். அதை அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமே என்று நான் வீட்டில் மண்டியிட்டிருந்தேன். அழைக்காமலே போயிருந்த தூமினா எழுந்து, "இனிமே இந்த ஊர்ல இவரைவிடப் பயந்த ஆள் கிடைக்குமா? நீயே போட்டுக்க, ஓனுன்" என்று அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். இப்போது தினமும் போய், தொட்டி காலியாகத்தான் இருக்கிறதா என்று உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். அவர் வந்தபின் நானும் போய்ப் பார்க்கிறேன்.

சேராதே என்றால் நீ கேட்கப் போவதில்லை. கம்பளி உள்ளுடை போட்டுக்கொள். அங்கே குளிர் இன்னும் கடுமை என்றாயே, பம்பை வடித்தாயிற்று என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே கையை விட்டுப் பார். கை ஈரமில்லாமல் வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுது, அதுவரை நான் தூங்க மாட்டேன். கடவுள் உன் கூரையைக் காக்கட்டும்.

உன் அம்மா,
மார்த்தே
(கையெழுத்து அவளே இடது கையால் போட்டது. உன் பதில் எத்தனை நாளில் வரும் என்று இப்போதே கேட்கிறாள், அண்ணா. சீக்கிரம் எழுது.)