எல்லா பட்டனுக்கும் ஒரே பெயர்

மார்ச் 4
மருத்துவமனையின் புது இணையதளம் இன்று என் கைக்கு வந்தது. என்னைப் போல் கண் தெரியாதவர்களுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதுதான் இந்த சாஃப்ட்வேர் அலுவலகத்தில் என் வேலை. திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரை ஓடவிட்டேன். "பட்டன். பட்டன். பட்டன்." எது முன்பதிவு, எது பரிசோதனை முடிவு? அதன் வாயில் வேறு சொல்லே வரவில்லை. எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7
"டிசைன் எவ்வளவு அழகா வந்திருக்கு தெரியுமா?" என்றார் மேனேஜர். யாரிடம் கேட்கிறார்!

மார்ச் 12
என் மார்புக் கட்டியில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதே மருத்துவமனைதான். முடிவு இணையதளத்தில் வருமாம். இந்த வீட்டில் எனக்கு வரும் காகிதமெல்லாம் அண்ணி படித்து, அண்ணனுக்குப் போய், மிச்சம்தான் என்னிடம் வரும். நல்லதோ கெட்டதோ, இதையாவது முதலில் நான் கேட்க வேண்டும்.

மார்ச் 15
சரிசெய்துவிட்டார்களாம். புரோகிராமர் பெருமையாக வந்து நின்றார். "எல்லா பட்டனுக்கும் பேர் வெச்சாச்சு. செக் பண்ற டூல் நூத்துக்கு நூறு குடுத்துடுச்சு."

ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "பட்டன்" என்றே பெயர்! இப்போது "பட்டன் பட்டன், பட்டன் பட்டன்" என்று இரட்டிப்பாகக் கத்துகிறது. "பெத்த புள்ளைங்களுக்கெல்லாம் புள்ளைன்னே பேர் வெப்பீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

மேனேஜர் குறுக்கே வந்தார். "டூல் பாஸ் பண்ணிடுச்சும்மா. மத்தத அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

டூலுக்கா கட்டி வந்திருக்கு? டூலா உக்காந்து ரிசல்ட் பாக்கப் போகுது? பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 18
தளம் வெளியாகிவிட்டது. முகப்பில் என் போட்டோவாம், நான் சிரிக்கிறேனாம், கீழே "எல்லோருக்கும் எளிது" என்று போட்டிருக்கிறதாம். பக்கத்து சீட் அக்கா சொன்னாள். ஸ்க்ரீன் ரீடர் என்னைப் பார்த்து "படம்" என்றது. அதோடு சரி.

மார்ச் 21
முடிவு வந்துவிட்டதாக மெசேஜ். பட்டன் பட்டனாக அழுத்தி, இரண்டு தடவை வெளியே தள்ளப்பட்டு, ஒருவழியாக அறிக்கையைத் திறந்தேன். "படம்" என்றது. யாரோ கையால் எழுதியதை அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்தைப் படிக்கும் செயலியும் உளறியது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "வெப்சைட்லயே இருக்கு பாருங்க மேடம்."

வேறு வழி? அண்ணியைக் கூப்பிட்டு போனை நீட்டினேன். அண்ணி மனதுக்குள்ளேயே படித்தார்.

"சத்தமா படிங்க அண்ணி."

போனை என் கையில் வைத்து, கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் இப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

"முதல்ல உங்க அண்ணன் வரட்டும்."