வெளியே போகாத அறுபத்தோரு கடிதங்கள்

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே போதும், இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன மாதம் பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது கையும் பேச்சும் திரும்பவில்லை, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இனிமே எதிர்பார்க்காதீங்க என்று சொல்லிவிட்டார். உனக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்பது தெரியும், அதைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து படி.

பக்கத்து அறை யூனிக்ஸ் கணினியில் நான் மின்னஞ்சல் அமைத்தது நினைவிருக்கிறதா, வட்டு நிரம்பினாலோ யாராவது தப்பான கடவுச்சொல் அடித்தாலோ இயந்திரமே எனக்கு எழுதும். வீட்டில் நம் மூவர் பெயரிலும் போட்ட லாகின் கணக்குகளுக்குள் மட்டும்தான் அஞ்சல், வெளியே ஒன்றும் போகாது, வெளியிலிருந்து ஈ எறும்பு நுழையாது என்று எவ்வளவு பீற்றிக்கொண்டேன்! ஆள் இல்லாத லாகின் ஆபத்து என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கு நீ வீட்டை விட்டுப் போன பிறகும் உன் லாகினை எடுக்க மட்டும் மூன்று வருடமாக மனசு வரவில்லை. போன வாரம்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழிக்க உட்கார்ந்தேன். உன் பெட்டியில் அறுபத்தோரு கடிதங்கள், ஒன்றுகூடப் பிரிக்காதவை, எல்லாம் அம்மா எழுதியவை. உன் ஊருக்கே வந்துவிடும் என்று நம்பி, நான் சொல்லிக்கொடுத்த கட்டளையில் உன் பெயரை மட்டும் அடித்திருக்கிறாள், பாவி மகள். உன் லாகின் இங்கேயே இருந்ததால் இயந்திரமும் வாங்கி இங்கேயே போட்டுவிட்டது. முகவரி தப்பு என்று ஒரு வரி வந்திருந்தால் என்னைக் கேட்டிருப்பாள். நீ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவள், போனில் என்னிடம் அம்மா ஒரு வரி எழுதலையேப்பா என்றாய். அவளோ நான் எத்தனை தடவைதான் இறங்கிப் போறது என்றாள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்று சிரித்துவிட்டு நடுவில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் அம்மாடி, என்னை என்ன செய்தால் தகும்! நேற்று அவள் காதில், உன் கடுதாசி எதுவும் அவளுக்குப் போகவே இல்ல, தப்பு என்னோடது என்று சொன்னேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நினைத்தால் எந்தப் பெட்டியையும் பிரிக்கலாம், பிரிக்கவில்லை. படிக்காமலே எல்லாவற்றையும் அச்செடுத்தேன், அச்சுப்பொறி தாளைக் குப்புறத்தான் தள்ளும், அப்படியே மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேதியை மட்டும் பார்த்தேன், கடைசிக் கடிதம் அவள் விழுந்த அன்று காலை எழுதியது.

வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே படுக்காதே, எங்கே இருந்தாலும் நன்றாக இரு. பதிலைத் தாளில் எழுது, அவளுக்குக் கேட்கிறதோ இல்லையோ நான் படித்துக் காட்டுகிறேன். இயந்திரத்துக்கு மட்டும் எழுதாதே, வெளியிலிருந்து எதுவும் வராதபடி நான்தான் அடைத்து வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா