உதடு கிழிந்த வருஷம்

மார்ச் 3, 1963

கோட்டின் கழுத்தில் வியர்வை உப்பு பூத்திருக்கிறது. என் மனைவி மிக்டாலியா அதைத் தேய்த்துக்கொண்டே, "நேத்து டான்ஸ் ஹால்ல என்ன பண்ணுன? சாகோ பொண்டாட்டி மாடிப்படியில பிடிச்சுக் கேக்குறா" என்றாள்.

ஒன்றும் பண்ணவில்லை. என் முறை வந்தது. எழுந்து ட்ரம்பெட்டைத் தாழ்த்திப் பிடித்து ஒரு சுரம் ஊதினேன்; நிறுத்தினேன்; காத்திருந்தேன். அவ்வளவுதான். முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஜோடி நின்றுவிட்டது. பிறகு இன்னொரு ஜோடி.

இடைவேளையில் காசிமீரோ வந்தார். குழு அவருடையது, அவர் வைத்ததுதான் சட்டம். "அனிபால், சனங்க வாரம் பூரா தையல் மிஷின்ல குனிஞ்சு கிடந்துட்டு சனிக்கிழமை ஆட வர்றாங்க. நீ அவங்கள நிக்க வெச்சு வேடிக்கை காட்டுற. உச்ச சுரம் வரைக்கும் மேல ஏறி ஊது. ஊதிட்டு உக்காரு."

அவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 11

நேற்று மதியம் மன்ஹாட்டனில் ஜாஸ்காரர்கள் கூடி வாசிக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே யாரும் ஆடுவதில்லை, தலையை மட்டும் அசைப்பார்கள். நான் ஊதி முடித்ததும் பியானோக்காரர் லெஸ்டர் தோளில் தட்டினார். "நல்லாத்தான் ஊதுற தம்பி. ஆனா உன் கால் சும்மா இருக்க மாட்டேங்குது. மாம்போ ஆட்டத்த உங்க தெருவுலயே விட்டுட்டு வா."

நண்பன் சாகோவிடம் சொன்னேன். காங்கா முரசுக்குப் புதுத் தோல் இழுத்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே, "ரெண்டு வீட்டுக்கும் மாப்பிள்ள நீ, மச்சான். ரெண்டு வீட்டுலயும் சோறு இல்ல" என்றான்.

மார்ச் 12

சோறு இல்லை, சரி. பசி மட்டும் இரண்டு வீட்டுக்குமாக ஏன் எடுக்கிறது?

மார்ச் 24

நேற்று மேலே ஏறித்தான் ஊதினேன். கைதட்டல். காசிமீரோவுக்குப் போதவில்லை, இன்னும், இன்னும் என்று கண்ணாலேயே கேட்கிறார். பக்கத்து நாற்காலியில் இளம் ட்ரம்பெட்காரன் எஃப்ரைன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். என் இடத்துக்குக் காத்திருக்கிறானா? சொந்த ஊர் பொன்சேயில் நானும் இப்படி ஒருத்தர் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான்.

ஏப்ரல் 7

கிழிந்துவிட்டது.

உச்ச சுரத்தில் நிற்கும்போதே வாயில் உப்புக் கரித்தது. சட்டையெல்லாம் ரத்தம். நான் விட்ட இடத்திலிருந்து எஃப்ரைன் பிடித்துக்கொண்டான், பிசிறில்லாமல். ஆடியவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

கோடை வரை ட்ரம்பெட்டைத் தொடக் கூடாது என்கிறார் டாக்டர். பழைய உயரம் இனி வராமலும் போகலாமாம். காசிமீரோ பார்க்க வந்தார், கையைப் பிடித்துக்கொண்டார். என் இடம் என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் போச்சு. இத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? என்னத்தச் செய்யப்போறேன் — தெரியல.

மே 19

அறைக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன். ஜன்னலை உரசிக்கொண்டு ரயில் போகிறது. "ஒண்ணு உக்காரு, இல்ல இந்த வாழைக்காயோட தோலைச் சீவு. தரை தேயுது" என்கிறாள் மிக்டாலியா.

சாகோ வீட்டில்தான் கிடக்கிறேன். அவன் முரசு அடிக்க, நான் தொண்டையாலேயே பதில் சொல்கிறேன் — த, தக், த. அடிக்கும் அடிக்கும் நடுவே அவன் விடுகிற சந்துக்குள் என் சத்தம் விழுந்தால் சிரிக்கிறான். அவன் அடி மேலேயே விழுந்தால், "அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு" என்கிறான்.

அன்று ஆடியவர்கள் ஏன் நின்றார்கள் என்பது இப்போது புரிகிறது. மௌனத்தால் அல்ல. முரசைக் கேட்காமல் மௌனமாக இருந்தேன். ஆடியவர்கள் காலுக்குப் பிடிமானமே இல்லை.

ஜூலை 14

ஒரு கல்யாணத்தில் ஊதினேன். சாகோ சேர்த்த சின்னக் குழு. உயரம் வரவில்லை. ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் சத்தம் அடக்கும் மூடியைச் செருகி, நடு சுரங்களிலேயே, முரசின் சந்துகளுக்குள் குட்டிக் குட்டிச் சொற்களாக வைத்தேன்.

"என்னப்பா இது, ட்ரம்பெட் ரகசியம் பேசுது" என்றார் பெண்ணின் மாமா. சொல்லிக்கொண்டே ஆடினார். ஒரு கால்கூட நிற்கவில்லை.

மிக்டாலியா செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நீ எங்க நிறுத்துவேன்னு தெரியல. அந்தப் பயத்துலயே நான் நிக்கல."

அக்டோபர் 2

காசிமீரோ கூப்பிட்டனுப்பினார். பழைய இடம் இல்லை, மூன்றாவது ட்ரம்பெட் நாற்காலி. வேண்டாம் என்றேன். சரியாத்தான் செஞ்சேனா?

பிப்ரவரி 16, 1964

நேற்று காசிமீரோ குழுவின் நடனத்துக்கு சாகோ என்னை இழுத்துப்போனான். எஃப்ரைன் எழுந்தான். மூடியைச் செருகினான். தாழ்வாக, முரசுக்கு நடுவில், துண்டு துண்டாக ஊத ஆரம்பித்தான்.

சாகோ என் விலாவில் இடித்தான். "உன் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு."

கொஞ்சம் அவசரப்படுகிறான்; சந்தைக் கண்டதும் உள்ளே குதித்துவிடுகிறான். ஆனால் நன்றாகவே ஊதுகிறான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது வேறு — எல்லாரும் இதையே ஊத ஆரம்பித்துவிட்டால், நான் எதை ஊதுவது?

விடிந்ததும் போய் சாகோவின் கதவைத் தட்டினேன். பனியனோடு வந்து திறந்தான். "ஞாயித்துக்கெழமையாவது மனுசனத் தூங்க விடுறா." திட்டிக்கொண்டே முரசை ஜன்னலோரம் இழுத்துப்போட்டான்.