ஏரிக்கரை ரோட்டில் வெறுங்கால்

அடி அண்ணாமலை
22-1-2004

அன்புள்ள மகன் இளஞ்செழியனுக்கு,

உன் அப்பா அப்பாசாமி எழுதுகிறேன். மஸ்கட்டில் நீ சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்க அருணாசலேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கவரைப் பிரித்ததும் இது யார் எழுத்து என்று நீ திகைத்திருப்பாய். என்னுடையதுதான். இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் சம்சாரம் தென்றல் எழுதியது. ராத்திரியில் வளர்கல்வி மையத்தில் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்ததும் அவள்தான். வகுப்பில் நான்தான் மக்கு. ஆனாலும் இப்போது திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்த்து நானே பஸ் ஏறுகிறேன். செங்கம் போகிற பஸ் எது என்று போன வாரம் ஒரு பட்டணத்துக்காரர் என்னைக் கேட்டார். படித்துச் சொன்னேன். அன்று முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.

விடியலில் எழுத உட்கார்ந்தேன், இந்தப் பக்கம் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மகளிர் குழுத் தலைவி திரௌபதியோடு தென்றல் கைக்கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் ஏரிக்கரை ரோடு போட்டு முடித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கலந்த தார் ரோடு. ஜல்லியைச் சூடாக்கி, அதன் மேல் பிளாஸ்டிக் தூளைத் தூவி, பிறகு தார் ஊற்றுகிறார்கள். இப்படிப் போட்டால் தார் கம்மியாகப் போதும், புகையும் கம்மி, அதனால்தான் கவர்மெண்ட் இதற்கென்று தனியாக மானியம் தருகிறது என்று அதிகாரி கூட்டம் போட்டுச் சொன்னார். அந்த மானியத்தில்தான் மகளிர் குழுவுக்குப் பிளாஸ்டிக் அரைக்கிற மிஷின் வந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் போட்டுவிட்டுப் போகிற தண்ணீர் பாக்கெட்டும் கவரும் நம் ஊர் ரோடாகப் போகிறது என்று உனக்கு எழுதச் சொன்னேனே, அப்போது தென்றல் எவ்வளவு சந்தோஷமாக எழுதினாள்!

நடந்ததை நீ போனில் அரைகுறையாகத்தான் கேட்டாய். முழுக்கச் சொல்கிறேன். தீபத்தன்று நல்ல மழை. பொறுக்கிய கவர் எல்லாம் ஈரம். காயவைத்து அரைக்கலாம் என்று தென்றல் சொன்னாள். ரோடு காண்டிராக்டர் ஆள் வந்து நின்றான். “காயற வரைக்கும் கவர்மெண்ட் காத்திருக்குமா? மாசக் கடைசிக்குள்ள முடிக்கலேன்னா மானியம் திரும்பிப் போயிடும். அப்புறம் உங்க ஊருக்குச் சேறுதான்” என்றான். ஈரத்தோடே மிஷினில் போட்டார்கள். கவர் கத்தியில் சுற்றிக்கொண்டது. அந்த நேரம் கரண்டும் போனது. மிஷின் நின்றுவிட்டதே என்று, சுவிட்சை அணைக்காமல் கையை விட்டு எடுத்திருக்கிறாள். கரண்ட் வந்துவிட்டது.

வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து, “கைநாட்டு வைக்க இது போதும் மாமா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வெளியே போய் நின்றேன்.

நசீர் பாய் கடைப் போனில் நீ பேசினபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அது உனக்குத் தெரியாது. எனக்குக் காது மந்தம் என்று பாய் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். “கை இல்லாதவள வெச்சிக்கினு என்னப்பா பண்றது? அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடு, மீதிய நான் வந்து பேசிக்கிறேன்” என்று நீ சொன்னது கடை முழுக்கக் கேட்டது. பாய் சர்க்கரை கட்டிக்கொண்டிருந்த பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நீ போன் செய்யவில்லை. இப்போதும் நான் கடைப் பக்கம் போனால், “லைன் கிடைச்சிருக்காது, அவ்ளோதான்” என்று நான் கேட்காமலே சொல்கிறார். அவர் நல்லவர்.

தென்றல் வீட்டுக்கு வந்ததும் துணியை எல்லாம் பையில் வைத்துவிட்டாள். தினமும் ஒரு புடவையை அதிலிருந்து எடுத்துக் கட்டுகிறாள். துவைத்து, முகவாயில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் மடித்து, திரும்பப் பையிலேயே வைக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டில் இன்னும் ஒன்றும் தெரியாது. நான் போகச் சொல்வேன் என்று காத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இன்னொன்று. அன்று மிஷினில் அவள் விரலோடு சேர்ந்து அரைபட்ட பிளாஸ்டிக் மூட்டையைக் குழுப் பெண்கள் புதைத்துவிடலாம் என்று எடுத்து வைத்தார்கள். காண்டிராக்டர் ஆள் எடை குறையும் என்று அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ரோட்டில்தான் போட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியாது.

ரோடு முனையில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். என் ஆயுசில் ஒரு பலகையை முழுக்கப் படித்தது அதுதான். பெயர்கள் நிறைய இருக்கின்றன. தென்றல் என்ற பெயரை எனக்கு எங்கே பார்த்தாலும் படிக்க வரும். அதில் இல்லை.

அந்த ரோட்டில் கால் வைக்கும் முன்னால் நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் எல்லாருக்கும் அதில் சிரிப்பு. “இன்னா பெரியவரே, கிரிவலப் பாதை அந்தாண்ட இருக்குது, நீ இங்க வெறுங்கால்ல போற?” என்று கண்ணாயிரம் கேட்டான். மதியத்தில் தார் சுடத்தான் செய்கிறது. நீயும் அங்கே ரோடு வேலைதானே செய்கிறாய், உனக்குத் தெரியாத சூடா? ஆனாலும் எந்த இடம் என்று தெரியாதபோது, எந்த இடத்தில் நான் செருப்போடு மிதிப்பது?

விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். லீவு கிடைத்தால் வா. பஸ் நிற்கிற இடத்திலிருந்து நம் வீட்டுக்கு அந்த ஒரு ரோடுதான். உன்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டேன். கொஞ்சம் மெதுவாக நடந்து வா, சாமி. நீ வந்து சேரும்வரை அந்தப் பை அங்கேயே இருக்கட்டும். வந்து நீயே உன் கையால் அதைப் பிரித்து வை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. அப்பாசாமி