குடும்பக் குழுவில் மணி அடிக்கவில்லை

ஜூன் 9, திங்கள்

சொசைட்டிக்குப் போய்ப் பாலை ஊற்றிவிட்டு வந்து போனைப் பார்த்தேன். குடும்பக் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. நான் காலையில் போட்ட வணக்கம் மட்டும் (சூரியகாந்தி, பனித்துளி, கீழே வெந்தயத்தின் நன்மைகள்) பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி தனியாக நிற்கிறது.

சின்னக் குழு இல்லை அது. மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் தங்கச்சி கோமதியும் அவள் வீட்டுக்காரர் பழனிச்சாமியும், பெங்களூரில் என் மகன் நவீன், வண்ணாமடையில் குப்பண்ண மாமா, அவர் பிள்ளைகள், மருமகள்கள். போதாததற்கு என் மனைவி செல்வி. ஆரம்பித்தவன் நான். அட்மின் நான். எழுத்துப் பிழை திருத்துகிறவனும் நானே. யாரும் கேட்காமல் ஏற்றுக்கொண்ட பொறுப்பு.

இத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஊமையாவார்களா? மணியும் அடிப்பதில்லை, உள்ளே போய்ப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. வருகிற வழியில் எங்கேயோ சிக்கிக் கிடக்கிறது. போனில் கோளாறு.

ஜூன் 10, செவ்வாய்

நவீனைக் கூப்பிட்டேன். பிரச்சினையை முழுதாகச் சொல்வதற்குள், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கப்பா" என்றான்.

"குரூப்புல நீ ஏதாச்சும் போட்டியாடா?"

"வேலை ஜாஸ்திப்பா. மீட்டிங் இருக்குது, வெக்கறேன்."

ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடி செய்தேன். பேட்டரி சேவரை அணைத்தேன். பின்னணியில் ஓட அனுமதி கொடுத்தேன். குழு மியூட்டில் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒலியை மாற்றி, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு மணியை வைத்தேன். சாயங்காலம் அடித்தது. துள்ளி எழுந்தேன். மின்வாரியம் நாளை கரண்ட் இல்லை என்று தெரிவித்திருந்தது.

ஜூன் 12, வியாழன்

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். டவர்.

எல்லையோர மீனாட்சிபுரத்தில் இருப்பவனுக்குத்தான் இந்தத் தலைவலி தெரியும். வாசலில் நின்றால் கேரளா டவர், மாட்டுக் கட்டுத்தறிக்குப் போனால் தமிழ்நாடு டவர். செய்தி எந்த மாநிலத்துக்குப் போவது என்று தெரியாமல் நடுவில் முழிக்கிறது. எனவே தமிழ்நாட்டு சிக்னல் முழுதாகக் கிடைக்கும் இடத்தைத் தேடினேன். எருக்குழி மேட்டில் கிடைத்தது. காற்று வேட்டியைத் தூக்க, ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் போன்.

செல்வி தீவனக் கூடையோடு வந்து பார்த்தாள். "ஏனுங்க, எருக்குழி மேல நின்னுக்கிட்டு யாருக்குக் கும்பிடு போடறீங்க?"

விஞ்ஞானம் அவளுக்குப் புரியாது.

ஜூன் 14, சனி

கொழிஞ்சாம்பாறைக்குப் போய் ஜிபியின் மொபைல் கடையில் போனைக் கொடுத்தேன். ஜிபி மலையாளி. எங்களிடம் தமிழ் பேசுவான், பாதியில் அவன் பாஷைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவான்.

"சேட்டா, இப்ப ஞான் ஒரு மெசேஜ் அனுப்பறேன், நோக்குங்க."

மணி அடித்தது. கடைக்கு வந்திருந்த ஒரு அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வேறு குழு, வேறு ஆள், எல்லாம் அனுப்பிப் பார்த்தான். எல்லாம் அடித்தது.

"போனுக்கு ஒண்ணும் இல்ல சேட்டா. அந்தக் குரூப்புல ஆரும் மிண்டறதில்ல, அத்ரதான்."

"என்ற குடும்பத்தைப் பத்தி உனக்குத் தெரியாது ஜிபி. பேசாம இருக்க மாட்டாங்க."

"அப்போ வேற எங்கயாவது பேசறாங்களோ என்னவோ."

சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பு வேறு ரகமாக இருந்தது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

என் வற்புறுத்தலில் வாட்ஸப்பை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினான். பழைய படங்கள் பாதி போய்விட்டன. வருஷக்கணக்கில் சேர்த்த காலை வணக்கங்கள். உலகத்துக்குத்தான் நஷ்டம்.

ஜூன் 15, ஞாயிறு

செல்வியின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. டிங். டிங். டிங். அதே வீடு, அதே வைஃபை, ஏன், ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய போன்.

"யாரு?"

"மகளிர் குழுங்க."

இரண்டு போன்களின் செட்டிங்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் விடை கிடைக்கும் என்று அவள் போனை எடுத்தேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு ஓடி வந்து பிடுங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

முதலில் கோபம் வந்தது. பிறகு — அட! அடுத்த மாதம் எனக்குப் பிறந்தநாள். ஐம்பத்திரண்டு. நவீன் ஊருக்கு வருவதாகச் சொன்னான், எதற்கென்று சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து ரகசியமாக ஏதோ ஏற்பாடு செய்கிறார்கள்!

இதைக்கூடக் கண்டுபிடிக்காமல் எருக்குழி மேல் ஏறி நின்றிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

முடி வெட்டிக்கொண்டேன். சாயமும் அடித்துக்கொண்டேன். போட்டோவெல்லாம் எடுப்பார்கள். ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

எப்படி எழுதுவது?

செல்வி மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போன் சமையல்கட்டில் சார்ஜில் கிடந்தது. மணி அடித்தது. நான் தொடவே இல்லை. தானாக வெளிச்சம் வந்தது. நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

குழுவின் பெயர்: வீட்டு விசயம். அனுப்பியவர்: பழனிச்சாமி. "ரிப்போர்ட் வந்துருச்சு. வர்ற திங்கக்கிழமை கோயமுத்தூர்ல ஆபரேசன். மச்சானுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்னு கோமதி சொல்றா."

மச்சான் என்றால் நான்தான்.

செல்வி வந்து என் முகத்தைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும்.

"கோமதிக்குக் கழுத்துல கட்டிங்க. தைராய்டாமா. ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க, நல்ல கட்டி இல்லீன்னுட்டாங்க. சீக்கிரமே பாத்ததுனால பயமில்லீங்கறாங்க."

"எப்பிருந்து?"

"போன மாசத்திலிருந்து. டெஸ்டுக்குக் கோயமுத்தூர் போனாங்க. நானும் போனனுங்க... அம்மா ஊட்டுக்குப் போறேன்னு சொன்னனே, அன்னிக்கு."

அவர்கள் பொள்ளாச்சி வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். என் தங்கச்சி கூப்பிடு தூரத்தில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பார்த்தேன். குழுவில் சுரைக்காய் பற்றி ஒரு வீடியோ போட்டிருக்கிறேன்.

"என்னைய மட்டும் ஏன் விட்டீங்க?" என்று கத்தினேன். கன்றுக்குட்டி மிரண்டது.

செல்வி கத்தவில்லை. "குப்பண்ண மாமா கால் ஒடிஞ்சு படுத்தப்ப நீங்க என்னென்ன அனுப்புனீங்கன்னு நெனச்சுப் பாருங்க. ஆபரேசன் பண்ணுனா கால் போயிரும், பச்சிலை கட்டுனாச் சரியாயிரும்னு. பாவம், அவரு மாவுக்கட்டப் பிரிச்சுக் குடுங்கன்னு அழுதாருங்க."

பேச்சை மாற்றிப் பிறந்தநாளைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் பொறந்தநாளுங்க?" என்றாள்.

ஜூன் 18, புதன்

குழுவுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். நான் யார், இந்தக் குடும்பத்துக்கு என்ன செய்தேன், நன்றி என்றால் என்ன. எழுதி முடித்து வாசித்தால் எலெக்‌ஷனில் தோற்றவன் பேச்சு மாதிரி இருந்தது. அழித்தேன். பழக்கதோஷம், அழிப்பதற்கு முன்னால் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன்.

நாளை சித்திரபுரம் போகிறேன். செல்வி தடுக்கவில்லை. "அங்க போயி எதுவும் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 19, வியாழன் — சித்திரபுரம்

பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு. மறையூர் தாண்டியதும் மழை பிடித்தது. பஸ் ஜன்னலை மூடினால் மூச்சு முட்டுகிறது, திறந்தால் மடியில் குளம். வழியெல்லாம் போனில் தைராய்டு பற்றித் தேடிக்கொண்டு வந்தேன். கொத்தமல்லித் தண்ணி என்று ஒருவர். தேங்காய் எண்ணெய் என்று இன்னொருவர். கை தன்னால் ஃபார்வர்ட் பொத்தானுக்குப் போகிறது. போனை அணைத்துப் பையின் அடியில் போட்டேன். நல்லவேளை, பள்ளிவாசல் வளைவுகளில் வாந்தி வந்தது, வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

பழனிச்சாமிக்கு மின்வாரியத்தில் வேலை, அதனால் குவார்ட்டர்ஸ். கோமதி கதவைத் திறந்தாள். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள். குளிருக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"அண்ணா... யாரு சொன்னாங்க?"

"போன் சொல்லுச்சு."

சிரித்தாள். உடனே அழுதாள். பிறகு, "தலைக்கு என்ன பண்ணுனீங்க, தார் பூசுனாப்பல இருக்குது?" என்றாள்.

காப்பி கொடுத்தாள். பழனிச்சாமி என்னைப் பார்த்ததும் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வீட்டில் எல்லாமே இருந்தது.

"கோவமாண்ணா?"

"ஆமா."

"மத்தவங்க யாரும் நீங்க அனுப்பறதைப் பாக்கறதில்லீங்ணா. அப்படியே தள்ளி விட்டுருவாங்க. நான் ஒருத்திதான் ஒண்ணு விடாம படிப்பேன். அண்ணன் அனுப்புனதாச்சேன்னு. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க பயந்துக்குவீங்க. பயந்தா அனுப்ப ஆரம்பிச்சிருவீங்க. நான் அதையெல்லாம் படிச்சுப் போட்டு எப்படிண்ணா ஆபரேசனுக்குப் போறது?"

வெளியே மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

நான் அனுப்பினதெல்லாம் அறிவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தை அல்லவா பொட்டலம் கட்டி, மேலே சூரியகாந்தி ஒட்டி, வீடுவீடாக அனுப்பியிருக்கிறேன்.

"சரி, நான் என்ன செய்யட்டும்?"

"கூட வாங்க. ஒண்ணும் சொல்லாம வாங்க."

கொத்தமல்லி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. காப்பியோடு சேர்த்து விழுங்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு — கோயமுத்தூர்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். நான் வாயைத் திறந்தேன். கோமதி பார்த்தாள். கொட்டாவி விட்டதுபோல மூடிக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். கதவு வந்ததும் நர்ஸ் விரலைப் பிரித்தெடுத்தாள்.

செல்வி ரத்தம் வேண்டியிருக்குமா என்று விசாரிக்க ஓடியிருந்தாள். வீட்டு விசயம் குழுவில் ஆளாளுக்கு "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்கிறார்களாம். பழனிச்சாமி தன் போனில் ஏதோ தட்டினார். என் போன் அடித்தது. அந்தக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்.

"என்னால முடியல மச்சான். நீங்களே போட்டு விடுங்க."

இந்தப் பேச்சைத் தேடித்தானே எருக்குழி ஏறினேன்! உள்ளே வந்தும் பழைய பேச்சு எதையும் காணோம். புதிதாகச் சேர்ந்தவனுக்கு முன்னால் பேசியது தெரியாதாம். நல்லதுதான்.

கதவு திறந்து டாக்டரம்மா வந்து சொன்ன பிறகு எழுத உட்கார்ந்தேன். நீளமாக எழுதினேன், கடவுள், விஞ்ஞானம், நம் முன்னோர் எல்லாம் வந்தார்கள். அழித்தேன். மறுபடி எழுதினேன்:

"ஆபரேசன் முடிந்தது. கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள்."

அனுப்பியதும் அடிக்க ஆரம்பித்தது. நவீன், குப்பண்ண மாமா, மருமகள்கள். நான் வைத்திருந்த அந்த ஊரைக் கூட்டும் மணி! வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் வந்து, "சார், சைலண்ட்ல போடுங்க" என்று திட்டினாள். போட்டேன். எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினேன். அழுததால் திரை சரியாகத் தெரியவில்லை. வேறொன்றுமில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்றைய செய்தி: "கஞ்சி குடித்தாள். நடந்தாள்." கீழே குப்பண்ண மாமா கட்டைவிரல் போட்டிருக்கிறார். என் செய்திக்கு அவர் பதில் போடுவது அந்தக் கால் விவகாரத்துக்குப் பிறகு இதுவே முதல் தடவை.

ஜூலை 3, வியாழன்

எடுத்த கட்டியின் ரிப்போர்ட் வந்தது. வேறு எங்கும் பரவவில்லை. ஆயுசுக்கும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான். குழுவுக்கு எழுதும்போது "அவ்வளவுதான்" என்பதையும் சேர்த்தேன். அது அவர்களுக்கு வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

ஜூலை 6, ஞாயிறு — மீனாட்சிபுரம்

மறுபடி காட்டுவதற்குக் கோயமுத்தூர் பக்கம் என்று கோமதி எங்கள் வீட்டில் இருக்கிறாள். குரல் இன்னும் எழவில்லை, காற்றுதான் வருகிறது. திரும்பிவிடும், அதுவரை கஷ்டப்படுத்த வேண்டாம் என்றிருக்கிறார்கள். எதுவானாலும் டைப் செய்கிறாள்.

கட்டுத்தறியில் இருந்தேன். போன் அடித்தது. அவள்தான். குழுவில் இல்லை, எனக்கு மட்டும்.

"அண்ணா"

அவ்வளவுதான் இருந்தது. வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கோமதி? வலிக்குதா? செல்வியக் கூப்பிடட்டா?"

தலையாட்டினாள், இல்லை என்று. டைப் செய்தாள். என் கையில் அடித்தது.

"சும்மாதான்."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் காற்றில் தென்னை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.