ஒரு கிழமை மாறி நிற்கக் கேட்டாய்

இன்று காலை கேம் கொன்ட்ரோலரின் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றினேன். இடப்பக்கக் குமிழ் நெடுநாளாக அசையாமல் கிடந்தது. அதைத் திருத்தி நான் ஒன்றும் விளையாடப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை, கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். மூடியைத் தூக்கியதும் கருவாட்டு வாசம் வந்தது. குமிழின் அடியில் பழுப்பாக, ஈரம் பிடித்த உப்புத் தூள். உன் விரல்களில் இருந்து உள்ளே போன உப்பு.

"என்ன மனே மணக்குது?" என்று அம்மா முற்றத்தில் இருந்து கேட்டார். மகளையும் மனே என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்.

"ஒண்டுமில்லம்மா."

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது, தங்கச்சி. இந்த இரண்டு வருடத்தில் உன்னைப் பற்றி எல்லோரோடும் பேசியிருக்கிறேன். உன்னோடு மட்டும் பேசவில்லை.

கட்டாரில் இருந்து வந்த மாமா, தன் மகனுக்குப் புதிது வாங்கிவிட்டதால் பழைய கேம் பெட்டியை நமக்குத் தந்தார். ஒரே ஒரு கொன்ட்ரோலர், ஒரே ஒரு சண்டை விளையாட்டு. எனக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. கார்மென்ஸில் நாள் முழுக்கத் தையல் மெஷினோடு மாரடித்துவிட்டு வருகிறவளுக்குச் சண்டை எதற்கு? நீதான் அதைப் பிடித்துக்கொண்டாய். கல்குடாக் கரையில் அம்மாவோடு மீனை வெட்டி உப்பிட்டுக் காயவைத்துவிட்டு வந்து, கையைக் கழுவியும் கழுவாமலும் டீவிக்கு முன்னால் சுவரில் சாய்ந்துகொள்வாய். எப்போதும் சுவரில்தான் சாய்வாய். முதுகை நிமிர்த்தி இருக்கத் தெரியாத பிள்ளை என்று நான் ஏசியிருக்கிறேன்.

அந்த விளையாட்டில் இரண்டு பேர் ஓர் அணி. ஒருவர் மேடையில் நின்று சண்டை பிடிக்க, மற்றவர் வெளியே நிற்பார். ஒவ்வொருவருக்கும் இரண்டு கோடுகள். மேலே மஞ்சள், அது உயிர். கீழே நீலம். ஓடினால், அடித்தால், தடுத்தால் நீலம் குறையும். அதற்கு நீ மூச்சு என்று பெயர் வைத்தாய். மூச்சு தீர்ந்தால் ஆள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பான், அப்போது ஒரு சின்னத் தட்டுக்கே விழுந்துவிடுவான். அதற்கு முன் ஒரு பொத்தானை அமத்தினால் வெளியே நிற்பவன் பாய்ந்து உள்ளே வருவான். போனவனுக்கு வெளியே நிற்க நிற்க நீலம் ஏறும். இழந்த உயிரிலும் ஒரு பங்கு திரும்பி வரும்.

கொன்ட்ரோலர் ஒன்றுதான் என்பதால் நமக்கென்று ஒரு முறை வைத்தாய். உனக்குக் குருவி என்று நீ பெயரிட்ட மெலிந்த பெண். வேகம் அதிகம், மூச்சு மிகவும் குறைவு. எனக்கு மலை என்ற தடியன். ஆள் மாறும்போது கொன்ட்ரோலரும் கை மாற வேண்டும். "இந்தா அக்கா!" என்று நீ என் மடியில் எறிவாய். உன் விரல் ஈரம் அதில் இருக்கும்.

நீ எப்போதும் முந்தி மாற்றுவாய். நீலம் பாதியாகும் முன்பே எதிராளியை ஒரு உதை உதைத்துத் தள்ளி, கிடைத்த இடைவெளியில் பொத்தானை அமத்திவிடுவாய். நான் அப்படி இல்லை. இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று மலையை நிற்கவைத்தே கொல்வேன். ஒருநாள் மலை குனிந்து நிற்கிறான், நான் பொத்தானைக் குத்து குத்தென்று குத்துகிறேன், குருவி வரவில்லை.

"பட்டன் பழுதாப் போச்சுடி."

நீ சிரித்தாய். "பழுதில்லக்கா. மாறுறதுக்கும் கொஞ்சம் மூச்சு வேணும். கடைசிச் சொட்டும் முடிஞ்சா மறுகா கூப்பிடவும் ஏலாது."

அப்படித்தான் அந்த விளையாட்டைச் செய்திருந்தார்கள். கால்வாசி நீலமாவது இருந்தால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும். நீ அதை யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. நூறு தரம் விளையாடி, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்து கண்டுபிடித்தாய். இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னாய். "மனிசருக்கும் இப்படி ஒரு கோடு தலைக்கு மேல இருந்தா நல்லம் என்னக்கா? ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க." நான் அடுத்த ஆட்டத்துக்கு ஆளைத் தெரிவுசெய்துகொண்டிருந்தேன். ம் என்றேன்.

உன்னைச் சோம்பேறி என்பதில் நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து. கிணற்றில் இருந்து இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்தால் மூன்றாவதுக்கு முன் வாசற்படியில் இருந்துவிடுவாய். கரையில் இருந்து கூடை தூக்கும்போது பாதி வழியில் இறக்கிவைப்பாய். கேட்டால், மூச்சு வாங்கிக்கொண்டு "இளைக்குது" என்பாய். சித்திரைப் புத்தாண்டுக்கு வாழைச்சேனையில் மாமா வீட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அங்கே புதுப் பெட்டியிலும் அதே விளையாட்டு இருந்தது. மாமாவின் மகனும் அவனுடைய சிநேகிதர்களும் வரிசையாக வந்து உன்னிடம் தோற்றார்கள். குருவியை உள்ளே விடுவாய், இரண்டு அடி, உடனே வெளியே எடுப்பாய், மூச்சு ஏறியதும் மறுபடி விடுவாய். கடைசியில் தோற்றவன் எழுந்து நின்று உனக்குக் கை தந்தான். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வேறெந்த நாளும் பார்க்கவில்லை.

மாமா பலகாரத் தட்டோடு வந்து, "இந்த வேகத்த உப்புத் தொட்டியில காட்டினா கொம்மாக்கு எவ்வளவு உதவி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ தட்டில் இருந்து ஒரு முறுக்கை எடுத்து, தின்னாமல் கையில் வைத்திருந்தாய்.

அந்த வருட வாடைக்காற்று தொடங்கியதும் அம்மா மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பிறகு கரை முழுக்க உன் தலையில். மீன் வாங்குவது, சுமப்பது, வெட்டுவது, உப்பிடுவது, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளுவது. அதோடு அம்மாவைத் தூக்கி இருத்திக் குளிக்கவைப்பதும். நான் விடிய முன் பஸ் எடுத்து, பொழுது படத்தான் வருவேன். உனக்கு இருமல் இருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. நின்றே வேலை செய்தால் யாருக்கும் வீங்கும்தானே என்று நினைத்தேன். எனக்கும் வீங்கும்.

ஒரு பின்னேரம் நான் வந்தபோது நீ விளையாடிக்கொண்டிருந்தாய். சோறு ஆக்கியிருக்கவில்லை. வெட்டிய மீன் வாளியில் உப்பிடாமல் கிடந்தது, ஈ மொய்த்தது. நீ திரையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"அக்கா, ஒரு கிழமை லீவு போடன். ஒரு கிழமை மட்டும் எனக்கு மாறி நில்லன். மறுகா நான் பாத்துக்கொள்ளுவன்."

அந்த மாதம் என்னை லைன் லீடர் ஆக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு நாள் லீவு போட்டால் அது இன்னொருத்திக்குப் போகும். ஆனால் இதை ஒரு சாட்டாகச் சொல்ல வரவில்லை. அப்போது என் மனதில் வேலை உயர்வு கூட இருக்கவில்லை. அந்த வாளியும் உன் கையில் இருந்த கொன்ட்ரோலரும்தான் கண்ணில் பட்டன.

"விளையாட ஏலும், வேலை செய்ய மட்டும் ஏலாதோ?" என்றேன்.

நீ எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, பெட்டியை நிறுத்தினாய். வயரைச் சுற்றி, பழைய சீத்தைத் துணியால் கட்டி, அலுமாரிக்கு மேலே வைத்தாய். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாய். சுவரில் சாய்ந்து இருந்தபடி உன்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்த விளையாட்டு என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அது விளங்குவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. உன்னைப் பார்த்திருந்தால் போதும்.

அதன்பிறகு நீ அதைத் தொடவில்லை. இரண்டு கிழமை ஒரு சொல் எதிர்த்துச் சொல்லாமல் எல்லாவற்றையும் செய்தாய். எனக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது. ஏசினால்தான் இவளுக்குச் சரி என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கூடையோடு கரையில் விழுந்தாய் என்று கார்மென்ஸுக்குப் போன் கோல் வந்தது. நான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். டொக்டர் ஓர் இளம் பெண். "எவ்வளவு காலமா இப்படி இளைக்குது?" என்று உன்னிடம் கேட்டார்.

"சின்னதில இருந்து" என்றாய்.

சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டுகள் வீங்கியதா என்று என்னிடம் கேட்டார். வீங்கியது. ஒரு மாதம் நீ பள்ளிக்கூடம் போகவில்லை. சுகமானதும் நாங்கள் மறந்துவிட்டோம். அந்தக் காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது, வருடக்கணக்கில் அது சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்றார். முந்தி வந்திருந்தால் என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாமா அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அன்றே லீவு போட்டேன். பத்து நாள். கேட்டவுடன் தந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே வாவியின் ஒரு துண்டு தெரியும். தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து நீ அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, "தங்கச்சி, நான் அண்டைக்கு" என்று தொடங்கினேன். நீ கையை உயர்த்தினாய்.

"அக்கா, நீ எப்பவும் பிந்தித்தான் மாத்துவாய்" என்று சொல்லிச் சிரித்தாய். பிறகு, "கதைச்சா எனக்கு இளைக்குது. நீ கதை. நான் கேக்கிறன்" என்றாய்.

நீ மலையைத்தான் சொன்னாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைக் கதைக்கச் சொல்லி நீ கேட்டாய். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது என் வாயில் வரவில்லை. பஸ் பிந்தியதைச் சொன்னேன். புதிதாக வந்த மெஷினைச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு மகன் கொண்டுவந்த தோடம்பழத்தைச் சொன்னேன். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய்.

பத்தாம் நாள் பகல், சாப்பாட்டு வண்டி வந்துபோன பிறகு, உன்னைச் சற்று நிமிர்த்தி என் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நீளமான நேரம் போனது. நான் அடுத்ததுக்காகக் காத்திருந்தேன். தாதி ஓடிவந்து உன்னை என்னிடம் இருந்து எடுத்தபோதும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது அம்மா தடி ஊன்றி நடக்கிறார். கருவாட்டு வேலையை விட்டுவிட்டோம். நான் லைன் லீடர்தான். பெண்கள் யாராவது களைப்பு என்று வந்தால் உடனே ஸ்டூலில் இருக்கச் சொல்கிறேன், அதனால் மேலே ஏச்சும் வாங்குகிறேன். என்னை நல்லவள் என்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்லும்போது எழுந்து எங்காவது போய்விடலாம் போல இருக்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா உன் கதையைச் சொல்வார். முடிவில் என் பக்கம் திரும்புவார். "கடைசி வரைக்கும் இவள்தான் பாத்தவள். லீவு போட்டு ஒரு நாளும் விடாமப் பக்கத்தில இருந்தவள். அக்காட தோளிலதான் புள்ள போனவள். இல்லையா மனே?"

"ஓம் அம்மா" என்கிறேன்.

அந்த வாளிக்கு முன்னால் நின்று உனக்கு நான் சொன்னதை அம்மா அறிய மாட்டார். உள் அறையில் கட்டிலில் கிடந்தவருக்கு அது கேட்கவில்லை. சொல்லிவிட்டால் என் பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் அம்மாவுக்கு மிஞ்சியிருப்பது நல்லவளான இந்த மூத்த மகள் மட்டும்தான். அவளையும் அவரிடம் இருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அம்மா சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் நிற்கிறேன்.