சும்மா கிடக்காத நிலம்

அக்கா,

இன்று காலை அலுவலகப் பரணைச் சுத்தம் செய்தபோது உங்கள் ரப்பர் பூட்ஸ் கையில் கிடைத்தது. தூசி தட்டலாம் என்று கவிழ்த்தேன். காய்ந்த பாசியும் மீனும் கலந்த ஏரிச் சேற்று வாடை குப்பென்று வந்தது. டவுனுக்குத் திரும்பும் டெம்போவில் நாம் ஏறியதும் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களே, அந்த வாடைதான். நான் குறுகிப்போய் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் அவர்களிடமே, "ஏரி வாசனைங்க, ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு என் விலாவில் இடிப்பீர்கள்.

பூட்ஸை மேலே வைக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் என் பெயரைச் சொன்னேன். காதில் விழவில்லை என்றீர்கள். மறுபடி சொன்னேன். அப்போதும் விழவில்லை. "சரி வுடு, டிகிரின்னே கூப்புடறேன்" என்றீர்கள். உழவர்கரையில் ஒரு கொத்தனார் வீட்டில் முதல் டிகிரி வாங்கிய எனக்கு அது பெருமையா கேலியா என்று புரியவே பல நாள் ஆனது. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கருவடிக்குப்பத்தில் ஒரு மாடியில் இரண்டு அறை, ஐந்து பேர். ஏரிகளையும் அங்கே வரும் பறவைகளையும் காப்பாற்றுவது நம் அமைப்பின் வேலை. சேதராப்பட்டில் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் களப்பணிக்கு வந்தவர் நீங்கள். எந்த மாதம் எந்த மதகில் தண்ணீர் கசியும், எந்தப் புதரில் எது கூடு கட்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் அதை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதுவேன். நிதி கொடுப்பவர்கள் நேரில் வந்தால், அவர்கள் பேச்சுக்கும் உங்கள் பேச்சுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். என் பேச்சைப் பேசப் பயந்தவளுக்கு அடுத்தவர் பேச்சைப் பேசுவது சுலபமாக இருந்தது.

அந்தக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வெளியூர்க் கம்பெனி நமக்கு முழு வருடத்துக்கும் நிதி தருவதாகச் சொல்லியிருந்தது. அது வந்தால்தான் ஐந்து பேரும் அடுத்த வருடம் வேலையில் இருப்போம் என்று அமைப்பை நடத்தும் சார் முன்பே சொல்லிவிட்டார். கம்பெனி அதிகாரி ஏரியைப் பார்க்க வந்தார். தண்ணீர் வற்றி, கரையை ஒட்டிக் கூழாங்கல் பரந்து கிடந்த அந்த மேட்டைக் காட்டினார். இது சும்மாதானே கிடக்கிறது, இங்கே எங்கள் ஆட்கள் வந்து மரக்கன்று நடுவார்கள், பெயர்ப்பலகை வைப்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் உங்களுக்குச் சொன்னேன்.

நீங்கள் அவரையே பார்த்துப் பதில் சொன்னீர்கள்.

"சும்மா கெடக்கலன்னு சொல்லு. ஆள்காட்டிக் குருவி முட்ட வச்சிருக்கு, தரையிலயே. குழி தோண்டுனா அவ்வளவும் போச்சு. மழ வந்தா இங்க இடுப்பளவு தண்ணி நிக்கும், கன்னு அழுவித்தான் போவும். போட்டோ வேணும்னா கரைமேல நின்னு எடுத்துக்கச் சொல்லு."

அதிகாரி என்னைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: நல்ல இடம், நீங்கள் வந்ததில் அவர்களுக்கு மிகவும் மகிழ்ச்சி.

அவர் சிரித்து உங்களுக்குக் கைகூப்பினார். நீங்களும் குழப்பத்தோடு கைகூப்பினீர்கள்.

டெம்போவில் அன்று நீங்கள் யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "நான் சொன்னதுக்கு அந்த ஆளு எதுக்குச் சிரிச்சாரு?" என்று கேட்டீர்கள். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

"உன் வாய மூடிக்கறது உன் இஷ்டம். என் வாயையும் சேத்து மூடிட்டியே."

மறுநாள் அலுவலகத்தில் நீங்கள் என்னோடு பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் தனியாகவே ஏரிக்குப் போனேன். அந்த மேட்டில் கால் வைத்ததும் ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டு என் தலைக்கு மேல் சுற்றியது. ஆள் வந்தால் ஊரைக் கூட்டுகிற பறவை. "அந்தக் குருவிக்கு இருக்கற வாயி உனக்கு இல்லியே டிகிரி" என்று நீங்கள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. நடக்க நடக்கக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அசையாமல் நின்று பார்த்தபோதுதான், என் காலுக்கு அருகில், கூழாங்கல் நிறத்திலேயே நான்கு முட்டைகள் தெரிந்தன. முட்டைக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "வையி, காக்காயும் படிச்சிட்டு வரும்" என்றீர்கள்.

அன்றைக்கே கம்பெனி அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன், அந்த அம்மா உண்மையில் சொன்னது இது என்று, போட்டோ விஷயம் உட்பட எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பிறகுதான் சாரிடம் காட்டினேன்.

அவர் படித்துவிட்டு, "அனுப்பிட்டியா?" என்றார்.

"அனுப்பிட்டேன் சார்."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கலையா?"

தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கன்று நட யாரும் வரவில்லை. நிதியும் வரவில்லை. இரண்டு அறையில் ஒன்றைக் காலி செய்தோம். சம்பளத்துக்கு ஐந்து பேரில் மூவருக்குத்தான் வழி இருந்தது. நீங்கள் மறுபடி சேதராப்பட்டு ஷிப்டுக்குப் போனீர்கள். என் கடிதத்தால் என் வேலை போயிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா. உங்கள் வேலை போனது. அதைச் சொல்லி நான் அழுதபோது, "அட விடு. இத்தினி நாளு வெயில்ல அலைஞ்சேன், கொஞ்ச நாளு ஃபேனுக்குக் கீழ நிக்கறேன்" என்றீர்கள். பிறகு பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து என் கையில் வைத்தீர்கள். நம் சண்டை அத்தோடு முடிந்தது.

ஷிப்டுக்குப் போன பிறகும், ஞாயிறு மாதா கோவிலில் பூசை முடிந்ததும் அதே புடவையோடு நேராக ஏரிக்கு வந்துவிடுவீர்கள். பெரிய இடங்களுக்கு விண்ணப்பம் எழுதிச் சலித்துப்போய், நான் தமிழில் ஒரே பக்கத்தில் அந்த மேட்டைப் பற்றி எழுதினேன். மாதாமாதம் முடிந்ததைக் கொடுங்கள் என்று கீழே ஒரு வரி. அச்சடித்த கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை நடைக்கு வந்தவர்களுக்கு நடுவில், கடற்கரைச் சாலையில் நான் கம்பம் மாதிரி நின்றேன். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வேகமாக வந்த ஒருவரை மறித்தீர்கள்.

"நடந்தது போதும் சார், நின்னு இத படிங்க. ஒடம்ப அப்புறம் கொறைக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார், படித்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் அந்த மனிதர் இன்றுவரை மாதம் தவறாமல் கொடுக்கிறார். அப்படிச் சேர்ந்தவர்களால்தான் அடுத்த கோடைக்குள் நீங்கள் வேலைக்குத் திரும்ப முடிந்தது. அந்தக் கோடையில் மேட்டில் குஞ்சுகள் ஓடின. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்ததுபோல் இருந்தது. நீங்கள் வாய்க்குள்ளேயே எண்ணினீர்கள். சத்தமாக எண்ணினால் கண் பட்டுவிடுமாம்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் இவ்வளவு பெரிதாகும் என்று யார் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அன்று, மேட்டில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்டீர்கள். ஏறிவிட்டது அக்கா, இடுப்பளவு என்றேன்.

"கன்னு நட்டிருந்தா இப்ப மீனுங்கதான் நெழலுக்கு ஒதுங்கியிருக்கும்" என்றீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரம்மா கூடச் சிரித்தார். நான் உங்கள் வாயிலிருந்து கேட்ட கடைசிப் பேச்சு அது.

போன வாரம் ஓர் அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்மணி ஏரிக்கு வந்தார். அவர்கள் நிதி கொடுத்தால், உங்கள் இடத்துக்கு ஒருவரை எடுக்கலாம். அதே மேட்டைக் காட்டி, இங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சார் வாய் திறப்பதற்குள் நானே பதில் சொல்லிவிட்டேன். ஒன்றும் செய்யப் போவதில்லை, யாரும் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்ள வருடம் முழுக்க ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் நிதி கேட்கிறோம் என்றேன். குரல் நடுங்கியது. ஆனால் காதில் விழுந்தது. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அப்போது எருமை மேய்க்கும் உங்கள் ஊர்க்காரர் வந்தார். நீங்கள் மாமா என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். அந்தப் பெண்மணியை நேராகப் பார்த்து, "இவங்க நல்லவங்கன்னு நெனச்சிக்காதீங்கம்மா. இவங்க வந்தப்புறம் எங்க மாட்டுக்கு மேய எடமில்ல. குருவிக்கு இருக்கற மரியாத எங்களுக்கு இல்ல" என்றார்.

பெண்மணி என்னைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். நான் மாமா சொன்னதை முழுவதும் ஆங்கிலத்தில் சொன்னேன். நல்லவர்கள் இல்லை என்பதையும், மரியாதையையும் விடவில்லை. பிறகு, இப்போது என் வழக்கம் இது அக்கா, அவர் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். யாருக்காகப் பேசினாலும் அவரிடம் அதைத் திருப்பிச் சொல்லாமல் இப்போதெல்லாம் நான் நகர்வதில்லை.

"அப்படியேவா சொன்ன?" என்றார்.

"அப்படியேதான் மாமா."

அந்தப் பெண்மணி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாடுகளை எந்த மாதங்களில் எங்கே ஓட்டலாம் என்று மாமாவிடம் கேட்கச் சொன்னார். நிதி கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் முட்டைக் காலத்தில் வடக்குப் பக்கம் ஓட்டிக்கொள்ள முடியும், அங்கே முள்ளை மட்டும் வெட்டித் தர வேண்டும் என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பி, ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது என்பதுபோல், நிறுத்தி நிறுத்திப் பேசினார்.